எறிபொருள் அழுத்தம்

அந்த மெக்கானிக்கை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காதுக்காரர் என்றால்தான் தெரியும். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, உள்ளே எது இருமுகிறது, எது முனகுகிறது என்று ஷெட்டில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். மீதி இரண்டைப் பற்றி அவரும் பேச மாட்டார், நாமும் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்க ஸ்பானரைக் கொஞ்சம் சத்தமாகவே கீழே வைப்பார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு சாம்பல் நிறக் கார் இரண்டு மாதமாகத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும், வேறு இடம் பார்த்துக்கொள் என்று கழற்றிவிட்டிருப்பார். இது சம்பந்தியின் கார். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக் கார். அதைக் கைவிட்டால் கார் மட்டுமா போகும், மானமும் சேர்ந்துதானே போகும்.

கோளாறு இதுதான். காலை ஆறு மணிக்குச் சம்பந்தி சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். பிடிக்காது. நாலு தடவை முயன்று பார்த்துவிட்டு அவர் நடந்தே பூங்காவுக்குப் போய்விடுவார். சாயங்காலம் மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்து திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல முதல் திருப்பலில் கிளம்பும். அதற்கும் காதுக்காரர் ஒரு காரணம் வைத்திருந்தார். ராத்திரிக் குளிரில் எங்கோ அழுத்தம் இறங்குகிறது, பகல் சூட்டில் சரியாகிவிடுகிறது. சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை.

சும்மா ஒரு கார் காலையில் கிளம்பவில்லை என்றால் யார் கவலைப்படப் போகிறார்கள்? மகளுக்கு ஒன்பதாவது மாதம் முடியப் போகிறது. மாப்பிள்ளை விடியற்காலை ஐந்து மணிக்கே கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார். மகளுக்கு வலி எடுத்தால் வீட்டில் இருப்பது சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் அந்தக் காரும்தான். ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம், அரை மணி நேர வழி. "வண்டி இருக்கு, நான் இருக்கேன்" என்று சம்பந்தி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். சம்பந்தி இருப்பார், அதில் சந்தேகமில்லை. வண்டி இருக்குமா என்பதுதான் காதுக்காரரின் கேள்வி.

அவர் மனைவி ரொம்பச் சாதாரணமாக, டாக்ஸி என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டாள். மெக்கானிக் பெற்ற பெண், அப்பன் ஒரு காரைச் சரிபண்ண முடியாமல் டாக்ஸியில் பிரசவத்துக்குப் போனாள் என்று நாலு பேர் பேசுவதைவிடத் தான் ஷெட்டை மூடிவிட்டுக் காய்கறி விற்கப் போகலாம் என்றார் இவர். அப்படியென்றால் தராசு ஒன்று வாங்க வேண்டும் என்று அவள் எழுந்து போனாள்.

சம்பந்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அச்சகத்தில் முப்பத்தைந்து வருஷம் பிழை திருத்தியவர். ஓய்வு பெற்றும் கை ஓயவில்லை. மருந்துப் பெட்டி, கடைப் பலகை, பஸ் டிக்கெட்டின் பின்புறம், எது கண்ணில் பட்டாலும் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனா வெளியே வந்துவிடும். மகள் கல்யாணப் பத்திரிகையைக் காதுக்காரர் கொண்டுபோய்க் காட்டியபோது அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "பொண்ணுல ஒரு குறையும் இல்ல சம்பந்தி, பத்திரிகையில பதினொண்ணு இருக்கு" என்றார். அதுதான் அவர் அந்த வருஷத்தில் பேசிய நீளமான பேச்சு. மற்றபடி வாயைத் திறக்க மாட்டார். சந்தோஷமோ துக்கமோ உள்ளேயே பூட்டி வைத்துக்கொள்வார்.

"உங்க சம்பந்தி ஆளு அழுத்தம்" என்பாள் காதுக்காரரின் மனைவி. "அதுல பாதி அந்தக் காருக்கு இருந்திருந்தா உங்களுக்கு வேலையே வந்திருக்காது."

அவள் சொன்னது வேடிக்கையாக இருந்தாலும் விஷயம் அதுதான். இந்தக் காலத்துக் காரில் பெட்ரோல் டேங்குக்குள்ளேயே ஒரு பம்ப் உட்கார்ந்திருக்கும். சாவியைத் திருப்பியதும் அது இரண்டு நொடி 'ம்ம்' என்று முனகிக் குழாய் முழுக்கப் பெட்ரோலை அழுத்தி நிறுத்தும். அந்த அழுத்தம் இருந்தால்தான் இன்ஜினுக்குள் பெட்ரோல் பன்னீர் தெளித்ததுபோல விழும், நெருப்புப் பிடிக்கும். அழுத்தம் இல்லாவிட்டால் வெறும் சுற்றல்தான், வேலை நடக்காது.

மூன்று விடுமுறை நாட்களில் மாப்பிள்ளை காரை ஓட்டி வந்தார், சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். முதல் தடவை பேட்டரி முனைகளைச் சுரண்டி, பிளக்குகளை மாற்றியாயிற்று. இரண்டாம் தடவை பில்ட்டரை மாற்றி, பெட்ரோல் குழாயில் பிரஷர் கேஜை மாட்டிப் பார்த்தார். முள் மூன்றில் ஏறி நின்றது. இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் அதன் எதிரிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். முள் இறங்கினால் எங்கோ கசிவு, பம்பின் வால்வோ பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரோ என்று தேடலாம். அசையவில்லை. அழுத்தத்தை அளவாக வைக்கும் ரெகுலேட்டரின் சின்னக் குழாயைப் பிடுங்கி மோந்தும் பார்த்தார். பெட்ரோல் வாடை வந்தால் உள்ளே கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். வரவில்லை. மூன்றாம் தடவை வேறு வழி தெரியாமல், பம்ப் அரைச் சுருதி கம்மியாக முனகுகிறது என்று சொல்லிப் பம்பையே மாற்றினார். புதுப் பம்ப் அருமையாகப் பாடியது. மறுநாள் காலை ஆறு மணிக்கு வண்டி கிளம்பவில்லை.

வேறு யாராவது வண்டிக்காரராக இருந்தால் நாற்பது கேள்வி கேட்டுக் குடைந்திருப்பார். எப்படித் திருப்பினாய், எத்தனை நேரம் திருப்பினாய், என்ன சத்தம் வந்தது, டேங்கில் பெட்ரோல் இருந்ததா இல்லையா. சம்பந்தியிடம் அப்படிக் கேட்க முடியுமா? சாவி திருப்பத் தெரியுமா என்று கேட்டதுபோல ஆகிவிடாதா? ஆகையால் மூன்று தடவையும் இவர் கேட்டது சௌக்கியமா என்று மட்டும்தான். அவரும் சௌக்கியம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். கண்டுபிடிக்கிற லட்சணம் இப்படி இருந்தால் எந்தக் கோளாறுதான் அகப்படும்?

இத்தனை அவமானத்திலும் காதுக்காரருக்கு ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. எந்த வண்டிக்கும் என்ன பார்த்தார், என்ன மாற்றினார் என்று ஒரு சீட்டு எழுதிக்கொடுப்பது அவர் வழக்கம். சம்பந்தி வீட்டுக்குப் போகும் சீட்டு மறுநாளே மாப்பிள்ளை கையில் திரும்பி வரும், சிவப்பு மையில் குளித்து. காதுக்காரருக்குச் சின்ன 'ர'வோடும் பெரிய 'ற'வோடும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே தகராறு. காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கிறது. காதை நம்பி எழுதுகிறவர் என்ன செய்வார், பாவம். 'எரிபொருள்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'எறிபொருள்' என்று எழுதுவார். போன வருஷம் ஒரு சீட்டில் சம்பந்தி அதை வட்டமிட்டு, "எரிவது பெட்ரோல். எறிவது கல்." என்று ஓரத்தில் எழுதி அனுப்பியிருந்தார். காதுக்காரர் அதை மனைவி கண்ணில் படாமல் ஒளித்துவைத்து மூன்று நாள் மனப்பாடம் செய்தார். நாலாம் நாள் மறந்துவிட்டார்.

ஆனால் இந்த இரண்டு மாதத்தில் போன மூன்று சீட்டும் சுத்தமாகத் திரும்பி வந்தன. ஒரு வட்டம் இல்லை, ஒரு கோடு இல்லை. வண்டி ஓடாவிட்டால் என்ன, எழுத்தாவது ஓடுகிறதே என்று அவருக்கு உள்ளூரப் பெருமை. கடைசிச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். மனைவியிடம் காட்டினார். தனக்கு எல்லாம் கோழிக் கிறுக்கலாகத்தான் தெரிகிறது என்று அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வழி சொன்னதும் அவள்தான். "வண்டி இங்க வந்தா நல்ல பிள்ளையா நிக்குது. அது எங்க அடம் பிடிக்குதோ அங்க போய்ப் பாருங்களேன்."

காலை ஆறு மணிக்குச் சம்பந்தி வீட்டு வாசலில் எப்படிப் போய் நிற்பது? உங்கள் வண்டியை வேவு பார்க்க வந்தேன் என்றா சொல்ல முடியும்? மகளுக்கு முதுகுக்கு வைத்துக்கொள்ளத் தலையணை கொண்டு போவதாக ஏற்பாடாயிற்று. பெரிய தலையணை. கேஜ், ஸ்பானர், டார்ச் எல்லாவற்றையும் உறைக்குள்ளேயே திணித்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினார். வழியில் பார்த்தவர்கள் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறுகிறார் என்று நினைத்திருந்தால் அவர்கள்மேல் தப்பில்லை.

அவர் போய்ச் சேர்ந்தபோது சம்பந்தி சாவியோடு போர்ட்டிகோவில் நின்றிருந்தார். தலையணையைப் பார்த்தார். அதற்குள்ளிருந்து 'கிணிங்' என்று ஒரு சத்தம் வந்ததையும் கேட்டார். என்னவென்று விசாரிக்கவில்லை. காதுக்காரர் பல்லைக் காட்டிக்கொண்டு, வந்ததுதான் வந்தேன், வண்டியை ஒரு பார்வை பார்த்துவிடட்டுமா என்றார். தாராளமாக என்று சம்பந்தி டிரைவர் சீட்டில் ஏறினார்.

காதுக்காரர் கேஜை மாட்டிவிட்டு, டேங்குக்கு மேலே இருக்கும் பின் சீட்டில் காதை வைத்துப் படுத்துக்கொண்டு, திருப்புங்கள் என்றார். சாவி திரும்பியது. 'ம்ம்' இல்லை. ஒரு முனகல், ஒரு பெருமூச்சு, எதுவும் இல்லை. ஓடிப்போய்க் கேஜைப் பார்த்தார். முள் பூஜ்யத்தில் சுகமாகப் படுத்திருந்தது. இன்ஜின் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. இரண்டு மாதமாகத் தேடிய திருடனின் சட்டைக் காலரைப் பிடித்ததுபோலக் காதுக்காரருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. பம்புக்குக் கரண்டே வரவில்லை. வால்வும் இல்லை, கசிவும் இல்லை.

"இப்படித்தான்" என்றார் சம்பந்தி. கார் கிளம்பாத மனிதர்போலவே இல்லை. ரொம்ப நிம்மதியாக இறங்கி, காபி குடிப்போம் வாருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

காதுக்காரர் ஃபியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்தார். டார்ச்சை அடித்தார். அப்படியே நின்றுவிட்டார்.

ஃபியூஸ் என்பது நம் சுண்டுவிரல் நகம் அளவுக்கு இரண்டு கால் வைத்த ஒரு சின்னச் சில்லு. இரண்டு காலையும் ஊன்றி நின்றால் கரண்டு போகும். பம்புக்கு உரிய நீல ஃபியூஸ் அதன் இடத்தில் குறுக்கே திரும்பி ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது. தானாக எந்த ஃபியூஸும் அப்படி நிற்காது. உலகத்தில் எல்லா மெக்கானிக்கும் கழற்றிய ஃபியூஸைப் பையில் போடுவான், இல்லையென்றால் தொலைப்பான். தொலையாமல் இருக்க அதை அதே இடத்தில் ஒற்றைக்காலில் நிறுத்தி வைப்பது காதுக்காரரின் ஷெட்டில் மட்டும் உள்ள பழக்கம். அந்த ஷெட்டில் விளையாடி வளர்ந்த ஜீவன் இந்த வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது.

திரும்பிப் பார்த்தார். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மகள் வாசற்படியில் நின்றாள்.

"மூடுங்கப்பா" என்றாள் மெதுவாக. "மாமா வந்துடப் போறார்."

காதுக்காரருக்குக் கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. பேட்டரி, பிளக்கு, பில்ட்டர், பம்பு என்று வரிசையாக விரல் விட்டு எண்ணினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு கிசுகிசுவென்று எல்லாவற்றையும் சொன்னாள். மாமாவுக்கு மூன்று மாதமாகப் பார்வை சரியில்லை. யாரிடமும் சொல்லவில்லை. வாசல் கேட்டில் காரைத் தேய்த்துவிட்டு, கேட்டுதான் சாய்ந்திருக்கிறது என்றார். ஒருநாள் காலை வெயில் எதிரே அடிக்க, பால்காரரின் சைக்கிளுக்கு ஒரு முழம் தள்ளித்தான் நிறுத்தினார். பால்காரர் நல்ல மனிதர், இவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரரிடம் சொன்னால், அப்பாவிடம் யார் போய்ச் சொல்வது என்று அவர் கையைப் பிசைகிறார். மருமகள் போய், மாமா நீங்கள் வண்டி ஓட்டாதீர்கள் என்று சொல்ல முடியுமா? ஆகையால் அவர் எழுந்திருக்கும் முன் ஃபியூஸை எடுத்துவிடுவாள். சாயங்காலம் வீட்டுக்காரர் வருவதற்குள் குத்திவிடுவாள்.

"அப்ப உனக்கு வலி வந்தா?"

"அதுக்குத்தான்பா எடுக்கறேன்." அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். "நான்தான் கூட்டிட்டுப் போவேன்னு மாமா ஒத்தக்கால்ல நிக்கறார். அவர் ஓட்டற வண்டியில, வயித்துல பிள்ளையோட பாலத்து மேல போக எனக்குப் பயமா இருக்கு. வண்டி ரிப்பேருன்னா டாக்ஸியில போயிடலாம். யாரும் யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம்." பிறகு, "நீங்க தயவுபண்ணி இதைச் சரிபண்ணிடாதீங்க" என்றாள்.

காதுக்காரரின் வாழ்க்கையில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. சரிபண்ணு என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சியவர்கள் உண்டு. அவருக்கு இதை நம்பவும் மனமில்லை. சம்பந்தியின் கண்ணில் கோளாறு என்றால் எப்படி என்று சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துப் பெருமையாக நீட்டினார். பார், இதைப் படித்துப் பார்த்து, ஒரு தப்பும் இல்லை என்று அனுப்பியிருக்கிறாரே.

மகள் சீட்டை வாங்கிப் படித்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அப்பா, இதுல மொத வரியே எறிபொருள் அழுத்தம்."

"சரிதானே?"

"எறியறது கல்லுப்பா."

காதுக்காரர் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மூன்று சீட்டு. முப்பத்தைந்து வருஷம் ஒரு காற்புள்ளியைத் தப்பவிடாத மனிதர் மூன்று சீட்டு முழுக்க இருந்த தப்புகளைப் பார்க்கவில்லை. தன் எழுத்து தேறிவிட்டது என்று இரண்டு மாதமாகக் குதித்துக்கொண்டிருந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. அதற்கு மேலே, அந்த மனிதர் சீட்டைக் கண்ணுக்குக் கிட்டே கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாமல் மடித்து அனுப்பியிருப்பார் என்று தோன்றியதும் மனசு கனத்துப்போனது. ஃபியூஸை ஒற்றைக்காலிலேயே விட்டு மூடியை மூடினார்.

உள்ளே சம்பந்தி ஜன்னலுக்குப் பக்கத்தில் காபியோடு உட்கார்ந்திருந்தார். காதுக்காரர் எதிரே உட்கார்ந்தார்.  காதுக்காரர் என்று பெயர் எடுத்தபிறகு அவர் வாயிலிருந்து வராத வார்த்தை அன்றைக்கு வர வேண்டியிருந்தது.

"என்னால கண்டுபிடிக்க முடியல, சம்பந்தி."

சம்பந்தி டம்ளரைக் கீழே வைத்தார்.  பிறகு, "உங்களுக்குப் பொய் சொல்ல வரல" என்றார். "ஃபியூஸ் ஒத்தக்கால்ல நிக்குது. பார்த்திருப்பீங்களே."

காதுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்போது தெரியும் என்று கேட்டார். கேள்வி கேட்கக் கூடாது என்ற மரியாதையெல்லாம் அந்த நேரத்தில் மறந்துவிட்டது.

"ரெண்டாவது வாரமே தெரியும். கண்ணுக்குத் தெரியல. மூடியைத் தெறந்து விரலால தடவிப் பார்த்தேன். எல்லாம் படுத்திருக்கு, ஒண்ணு மட்டும் எழுந்து நிக்குது. அந்தப் பொண்ணு வயித்தைப் பிடிச்சிக்கிட்டு விடியறதுக்கு முன்னாடி எழுந்து வந்து எடுத்து வைக்கிறா. அது வீணாப் போகக் கூடாதுன்னு நானும் தினம் போய்ச் சாவியைத் திருப்பிட்டு வரேன்."

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

சம்பந்தி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கண்ணு போச்சுன்னு சொல்ல வாய் வரல, சம்பந்தி. இந்தக் கண்ணை வச்சுத்தான் சோறு தின்னேன். வண்டி போச்சுன்னு சொல்றது சுலபமா இருந்துச்சு." பிறகு ரொம்ப மெல்லிய குரலில், "உங்க பேரைத்தான் கெடுத்துட்டேன்" என்றார்.

அவ்வளவு அழுத்தமான மனிதர் இவ்வளவு பேசியதைக் காதுக்காரர் கேட்டதே இல்லை. அவருக்கு அழுகை வந்தது. அழுதால் நன்றாக இருக்காது என்று காபியை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். பேரா பெரிசு, கண் பெரிசா என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டார். கண்ணில் புரை விழுந்தால் டாக்டர் எடுத்துவிடுகிறார், அதற்குப் போய்ப் பயப்படலாமா என்றார். கண்ணில் கத்தி வைப்பார்கள் என்று சம்பந்தி சிறுபிள்ளைபோலச் சொன்னார்.

"முன் லைட் மங்கிட்டா கண்ணாடியை மாத்தறோம். வண்டியையா தூக்கிப் போடறோம்? நான் கூட வரேன். நீங்க அழுதா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சம்பந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரமே இருவரும் ஸ்கூட்டரில் கண் டாக்டரிடம் போனார்கள். புரைதான். ஒரு கண்ணுக்கு முதலில் ஆபரேஷன், இன்னொன்றுக்கு இரண்டு மாதம் கழித்து என்றார் டாக்டர். ஆபரேஷன் அன்றைக்குச் சம்பந்தி அழவில்லை. வெளியே காத்திருந்த காதுக்காரர் இரண்டு தடவை அழுதார், அதை இன்றுவரை அவர் ஒப்புக்கொள்வதில்லை. மகளுக்கு வலி வந்தால் உடனே தனக்கு போன் செய்ய வேண்டும், தானே வந்து அந்தக் காரை ஓட்டுவேன் என்று முடிவு செய்துவிட்டார். டாக்ஸி என்ற பேச்சு அதோடு நின்றது.

போன் பன்னிரண்டு நாள் கழித்துக் காலை பதினோரு மணிக்கு வந்தது. ஒரு லாரியின் அடியில் படுத்திருந்தவர் எழுந்த வேகத்தில் நெற்றியில் இடித்துக்கொண்டு, கிரீஸ் கையோடேயே ஸ்கூட்டரை எடுத்தார். போய்ப் பார்த்தால் மகள் பின் சீட்டில் தலையணையில் சாய்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். சம்பந்தியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சம்பந்தி முன் சீட்டில் பையோடு உட்கார்ந்திருக்கிறார். காதுக்காரர் ஏறிச் சாவியைத் திருப்பினார்.

'ம்ம்' வரவில்லை. இன்ஜின் சுற்றியது, சுற்றியது, பிடிக்கவில்லை.

காதுக்காரர் மகளைத் திரும்பிப் பார்த்தார். நான் இல்லை என்று அவள் வலியோடு வலியாகத் தலையை ஆட்டினாள். அதற்குள் சம்பந்தி கதவைத் திறந்து இறங்கிவிட்டார். பானெட்டைத் தூக்கச் சொன்னார். பெட்டி மூடியைத் திறந்து, பார்க்கக்கூடப் பார்க்காமல் விரலால் வரிசையாகத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தி அழுத்தினார். 'டிக்' என்றது.

"நான்தான்" என்றார் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டு. "ஒரு கண்ணு தெரிய ஆரம்பிச்சதும் கை சும்மா இருக்கல. சாவியைத் தேடிக்கிட்டே போகுது. என்னை நம்பாம நானே எடுத்து வச்சேன். அவசரத்துல மறந்துட்டேன்."

காதுக்காரர் சாவியைத் திருப்பினார். டேங்கிலிருந்து இரண்டு நொடி 'ம்ம்' என்று வந்தது. எத்தனையோ ஆயிரம் சத்தம் கேட்ட காது அது. அன்றைக்குக் கேட்டதுபோல ஒரு நல்ல சத்தத்தை அது கேட்டதில்லை. முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்தது.

பாலத்தைத் தாண்டி எப்படிப் போனார் என்று அவருக்கு ஞாபகம் இல்லை. ஆஸ்பத்திரியில் மகளையும் சம்பந்தியம்மாவையும் உள்ளே அழைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்குச் சொல்லியாயிற்று, வந்துகொண்டிருந்தார். காதுக்காரரின் மனைவி ஆட்டோவில் வந்துகொண்டிருந்தாள். வராந்தா பெஞ்சில் சம்பந்திகள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.  கதவுக்கு அந்தப் பக்கம் என்ன கேட்கிறது என்று காதுக்காரர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். சம்பந்தி சுவரில் மாட்டியிருந்த 'அமைதி காக்கவும்' பலகையை நாலு தடவை படித்து, தப்பு கிடைக்காமல் தவித்தார்.

"படிக்க ஏதாவது இருக்கா, சம்பந்தி?" என்றார் கடைசியில். "மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது."

காதுக்காரர் பையில் கைவிட்டார். அந்தப் பழைய சீட்டுதான் இருந்தது, கிரீஸ் பட்டு, ஓரம் கிழிந்து. கொடுத்தார். சம்பந்தி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி ஆபரேஷன் ஆகாத கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனா வெளியே வந்தது.

"இது என்ன, எறிபொருள்? யார் மேல எறியப் போறீங்க?"

  சம்பந்தி ஒவ்வொரு வரியாக இறங்கி வட்டம் போட்டுக்கொண்டே வந்து, அடியில் 'ஒன்பது' என்று எழுதிக் கோடு போட்டார். ஒன்பது தப்பு செய்ததற்காக ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷப்பட்டு யாரும் பார்த்திருக்க முடியாது. காதுக்காரர் கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதில் முகமெல்லாம் கறுப்பானது.

அப்போதுதான் கதவு திறந்தது. நர்ஸ் துணியில் சுற்றிய குழந்தையோடு வந்து, பெண் குழந்தை, தாய் நலம் என்றாள். அந்தக் கறுப்பு முகத்தைப் பார்த்ததும் ஓர் அடி பின்வாங்கி, கை கழுவாதவர் தொடக் கூடாது என்று சொல்லிக் குழந்தையைச் சம்பந்தியிடம் கொடுத்தாள். சம்பந்தி பேனாவை விரலிடுக்கில் பிடித்தபடியே வாங்கிக்கொண்டார். அந்த ஒரு கண்ணைக் குழந்தைக்குக் கிட்டே கொண்டுபோய், நெற்றி, மூக்கு, காது, விரல் விரலாகக் கை, பாதம் என்று மேலிருந்து கீழே வரிவரியாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். காதுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"சொல்லுங்க சம்பந்தி, எப்படி இருக்கு?"

சம்பந்தி பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

"பிழையே இல்ல" என்றார்.